பழைய நகரத்துக்கு அடியில் மெட்ரோ சுரங்கம்: மண் கணக்கும் கிணற்றுக் கணக்கும்

மேலே இருக்கும் பழைய சுவரில் விரிசல் விழுமா என்பதை முடிவு செய்வது, சுரங்கம் வெட்டும் இயந்திரம் நகர்ந்த தூரத்துக்கு எவ்வளவு மண் வெளியே வந்தது என்ற கணக்குதான்.

6.6 மீட்டர் விட்டத்தில் வெட்டி, 1.4 மீட்டர் அகல கான்கிரீட் வளையம் பொருத்துகிறோம் என்றால், வளையம் ஒன்றுக்கு வர வேண்டிய மண் சுமார் 48 கன மீட்டர். தோண்டிய மண் உப்பிப் பெருகும், அதை இளக்க இயந்திரம் செலுத்தும் நுரையும் அதோடு சேரும். வண்டி நிரம்புவதை வைத்து அளந்தால் ஏமாறுவோம். மண்ணை வெளியே கொண்டுவரும் பெல்ட்டிலேயே எடை பாருங்கள். அந்தத் தராசும் ஒரு சதவீதப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. அடுத்தடுத்த வளையங்களில் எடை ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம். கூடுதலாக வரும் அந்த ஒரு சதவீத மண்ணே, சுரங்கத்தின் மையம் களிமண்ணில் 16 மீட்டர் ஆழத்தில் இருந்தால், தரையை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் இறக்கிவிடும்.

வளையத்தின் வெளிவிட்டம் 6.35 மீட்டர் என்றால், அதைச் சுற்றிய இடைவெளிக்கு வளையத்துக்குச் சுமார் 3.6 கன மீட்டர் கிரவுட் (இடைவெளியை நிரப்பி இறுகும் கலவை) வேண்டும். இயந்திரம் நகரும்போதே வால்பகுதிக் குழாய்கள் வழியே செலுத்த வேண்டும், நின்ற பிறகு அல்ல. அளவு போயும் அழுத்தம் ஏறவில்லையா, வெளியே பொந்து இருக்கலாம். அளவு போகாமல் அழுத்தம் மட்டும் ஏறினால் பெரும்பாலும் குழாய் அடைப்பு.

பழைய நகரங்களின் தனித் தலைவலி, மூடி மறந்துபோன கிணறுகள். வரைபடத்தில் இருக்காது. வெட்டுமுகத்தைத் தாங்கும் அழுத்தம் கிணறு வழியே தப்பும். வீட்டுத் தரையைப் பிய்த்துக்கொண்டு நுரை மேலே வரும். கீழே மண் சரியும். வீடு வீடாகப் போய் வயதானவர்களிடம் கேட்பதை விடச் சிறந்த ஆய்வு இதற்கு இல்லை. கண்டுபிடித்த கிணற்றை, இயந்திரம் வெட்டக்கூடிய வலுக்குறைந்த சிமென்ட் கலவையால் முன்கூட்டியே நிரப்புங்கள்.

சுவர்களில் பிரிசம் (அசைவை அளக்க ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) பொருத்தி, இயந்திரம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே அளவெடுக்கத் தொடங்குங்கள். வெயிலுக்கும் மழைக்கும் சுவர் தானாகவே அசையும். அது தெரியாமல் பின்னால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. இருக்கும் விரிசல்களைத் தேதியோடு படமெடுப்பது இழப்பீட்டுத் தகராறுக்கும் உதவும். இயந்திரத்தின் வெட்டுப் பற்களை அந்தப் பழைய கட்டட வரிசைக்கு முன்பே மாற்றிவிட்டு, அடியில் நிற்காமல் கடக்க வேண்டும்.

மேலிருந்து குழி தோண்டும் இடங்களில் ஆபத்து வேறு வகை. 2009இல் ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் இடிந்து இருவர் இறந்தனர். பக்கத்து நிலத்தடி ரயில் குழியின் டயாபிரம் சுவரில் (குழியைச் சுற்றி மண்ணுக்குள் பலகம் பலகமாக வார்க்கும் கான்கிரீட் தடுப்பில்) இருந்த ஓட்டை வழியே மண்ணும் நீரும் உள்ளே பாய்ந்ததே காரணம். சுவர்ப் பலகங்களின் இணைப்பில் மணல் கலக்காத தெளிந்த நீர் கசிந்தால் கிரவுட் செலுத்தி அடைக்கலாம். மணலோடு வந்தால் தோண்டுவதை நிறுத்தி, அந்த இடத்தில் உடனே மண்ணைத் திரும்பக் கொட்டி, மேலே உள்ள கட்டடத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுங்கள்.