தோழி முன்பு மாதிரி பேசுவதில்லையா? ஒரு சீசன் டிக்கெட்காரியின் யோசனைகள்

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறி சென்னை பார்க் ஸ்டேஷனில் இறங்கி ஆபீஸ் போகிறவள் நான். மகளிர் பெட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சேர்ந்த சினேகிதிகள் எனக்கு நிறைய. அவர்களில் ஒருத்திக்கு டிரான்ஸ்ஃபர், ஒருத்திக்குக் கல்யாணம், செங்கல்பட்டு அக்கா ரிட்டயர்டு. 2020 மார்ச்சில் ரயிலே நின்றபோது மிச்சக் கூட்டமும் சிதறியது. அதனால் "அவ இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லப்பா" என்று யாராவது ஆரம்பித்தால், சொல்ல எனக்குக் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. பெண்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆண்களுக்குப் பாதியாவது பொருந்தும்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: மாறியது ஆளா, இடமா? பெரும்பாலும் இடம்தான். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு. எங்கள் பெட்டியில் போக ஒரு மணி, வர ஒரு மணி, மாதம் 22 நாள் என்றால் ஐந்து மாதத்துக்குள் 200 வந்துவிடும். அதற்காக நாங்கள் யாரும் ஒரு துரும்பையும் நகர்த்தவில்லை, எல்லாம் ரயில்வே உபயம். அதே தோழியோடு வாரம் 20 நிமிடம் போனில் பேசினால் வருஷம் முழுக்கச் சேர்ந்தாலும் 17 மணி நேரம்தான். நெருக்கம் குறையாமல் என்ன செய்யும்? இதில் அவள் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை.

ஆளே மாறிவிட்டாளா என்று தெரிய வேண்டுமானால், நேரில் பார்க்கும்போது கவனியுங்கள். பத்து நிமிடத்தில் பழைய பேச்சு வந்துவிட்டால் கவலையில்லை. போனை எடுக்காதவள் அடுத்த நாளாவது கூப்பிடுகிறாளா, அதுவும் போதும். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும் செய்தி மூன்றாம் ஆள் சொல்லித் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். அப்போதும் உடனே கோபம் வேண்டாம். யாருக்குமே சொல்லாமல் ஓடிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மாறியது இடம்தான் என்றால் இன்னொரு இடத்தை ஏற்பாடு செய்ய வேண்டும். "ஒரு நாள் மீட் பண்ணலாம்டி" என்பது நடக்காது. நாளைக் குறித்துவிடுங்கள், இரண்டாவது சனிக்கிழமை என்பது மாதிரி. குடும்பத்துப் பெண்களுக்கு இன்னொரு சூட்சுமம்: வீட்டில் "தோழியைப் பார்க்கப் போறேன்" என்றால் ஆயிரம் கேள்வி வரும். "மாம்பலம் போய்க் குக்கருக்கு காஸ்கட் வாங்கிட்டு வரேன்" என்றால் ஒரு கேள்வியும் வராது. அதனால் சந்திப்பை ஏதாவது ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது வருகிற பேச்சு, ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்தால் வருவதில்லை. மாமியார் சங்கதியெல்லாம் ஜாக்கெட் துணிக்கு மேட்சிங் பார்க்கும்போதுதான் வெளியே வரும்.

போன் என்றால் அவள் வீட்டு நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை ஒன்பது வரை கூடாது, சாயங்காலம் குழந்தைகள் வந்த பிறகு கூடாது. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கிற பதினைந்து நிமிடம் இருக்கிறதே, அது தங்கம். முடியாவிட்டால் வாய்ஸ் மெசேஜ், இரண்டு நிமிடத்துக்குள். "ஹாய், எப்படி இருக்கே?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன், நீ?" என்று வரும், அத்தோடு முடிந்தது. அதைவிட ஒரு சின்ன விஷயத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். திருமணமாகித் திருச்சி போன தோழிக்கு நான் போன மாதம் அனுப்பியது இது: "தாம்பரத்துல பெரிய கூடையோட ஏறுமே பூக்காரம்மா, அவங்க பேத்தி பேங்க்ல சேர்ந்துட்டாளாம். ஆளுக்கு ஒரு முழம் சும்மா குடுத்தாங்க. உன் பங்கும் என் தலையிலதான் இருக்கு. பதிலுக்கு அவசரமில்ல." அன்று ராத்திரியே கூப்பிட்டாள். குட்மார்னிங் ரோஜாப்பூ படங்கள் இந்த வேலையைச் செய்யா. அவை வெறும் ஆஜர் போடுவது.

ரொம்ப நாளாகிவிட்டது, இப்போது போய் எப்படிப் பேசுவது என்று கூச்சமா? 2022-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெக்கி லியு தன் சகாக்களோடு இதைத்தான் சோதித்தார். நாம் போய் விசாரித்தால் எதிராளி எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோமாம். எதிர்பாராமல் வந்தால் சந்தோஷம் இன்னும் கூடுகிறதாம். ஆகவே கூச்சத்தை ஓரம்கட்டலாம்.

நல்லது கெட்டதில் ஒரு சின்ன வரிசை வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தைத் தவறவிட்டாலும் துக்கத்தைத் தவறவிடாதீர்கள். பதினாறாம் நாளும் கடந்துவிட்டதா, பரவாயில்லை, காரணம் அடுக்காமல் போய் உட்காருங்கள். 200 பேர் குரூப்பில் பத்திரிகை போட்டால் அது தகவல், தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால்தான் அழைப்பு. இதற்கு மேல் பத்திரிகையை வைத்து வருத்தப்படுவது வீண். மொய் நோட்டை வைத்து நட்பை அளப்பது அதைவிட வீண்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். கணவரை இழந்த தோழி, பிரிந்து வந்த தோழி இவர்களை வளைகாப்புக்கும் சீமந்தத்துக்கும் கூப்பிடலாமா என்று வீட்டில் முணுமுணுப்பு வரும். "அவளுக்கே சங்கடமா இருக்கும், வேண்டாம்" என்பார்கள். வருவதும் வராததும் அவள் பாடு, கூப்பிடுவது நம் பாடு. கூப்பிடுங்கள். வந்தால் மூலையில் உட்கார விடாமல் கையைப் பிடித்து அழைத்துப்போய் வளையல் போட வையுங்கள். பெரியவர்கள் முகம் சுளித்தால் அன்று சாயங்காலத்தோடு போய்விடும். கூப்பிடாமல் விட்டது அவளுக்குப் பத்து வருஷம் போகாது. பல பெண்களின் நட்பு வட்டம் இந்த ஒரு அழைப்பு வராததால்தான் சுருங்கிப் போகிறது.

பணம்: தோழி கடன் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகையைக் கொடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே இல்லை என்று சொல்லிவிடுங்கள். "பாக்கறேன்" என்று இழுப்பதுதான் நட்பைக் கெடுக்கும்.

சரி, ஆளே மாறிவிட்டாள், நாலு பேர் நடுவில் உங்களை மட்டம் தட்டுகிறாள் என்றால்? திருவள்ளுவர் இதற்கு இரண்டு படி வைத்திருக்கிறார். முதலில் குறள் 805: "பேதைமை ஒன்றோ பெருங்கிழமை என்றுணர்க நோதக்க நட்டார் செயின்." நண்பர் நோகும்படி செய்தால், அறியாமை என்றோ அதிக உரிமை என்றோ எடுத்துக்கொள் என்கிறார். ஆகவே ஒரே ஒரு தடவை நேரில் கேட்டுவிடுங்கள்: "அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு." அவ்வளவுதான், பழைய கணக்கெல்லாம் எடுக்க வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு நீள நீளமாக டைப் அடித்து அனுப்பவே வேண்டாம்.

அதற்கும் அவள் மாறவில்லையென்றால் 818: "ஒல்லும் கருமம் உடற்று பவர்கேண்மை சொல்லாடார் சோர விடல்." முடிகிற காரியத்தையும் கெடுக்கிறவர் நட்பை, அறிவிப்பு எதுவும் கொடுக்காமல் தளர விடச் சொல்கிறார். நடைமுறையில்: தாமதமாகவாவது பதில் போடுங்கள். குரூப்பிலிருந்து வெளியேறாமல் மியூட்டில் போடுங்கள். நல்லது கெட்டதுக்கு ஒரு நடை போய்வாருங்கள். அவள் நம்பிச் சொன்ன ரகசியம் எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. பொதுத் தோழியிடம் போய்ப் புலம்பாதீர்கள், கூட்டமே இரண்டாகிவிடும்.

மனசு வலிக்கும். வீட்டில் சொன்னால் "இதுக்கா அழறே?" என்பார்கள், ஏனென்றால் இந்த இழப்புக்குத் துக்கம் கேட்க யாரும் வருவதில்லை. அழுதுகொள்ளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம் சரியில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அல்லது 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள்.

அப்புறம், அவளோடு கழித்துவந்த அந்த நேரம் இனி காலிதான், அதைச் சும்மா விடாமல் புது நட்புக்குக் கொடுங்கள். ஒருநாள் விழா, ஒருநாள் டூர் எல்லாம் புது நட்புக்கு உதவாது. அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும் இடம் வேண்டும்: காலை நடைக்குப் போகும் பூங்கா, தையல் வகுப்பு, கோயிலில் திருவாசகம் படிக்கும் குழு. புதியவரிடம் முதல் மாதத்திலேயே குடும்பக் கதையைக் கொட்டாதீர்கள். பழைய தோழியைப் பற்றிக் குறை சொல்லவே சொல்லாதீர்கள், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவாள் என்று அவர் கணக்குப் போட்டுவிடுவார்.