நீலியை எழுதுவது எப்படி

சின்ன வயதில் கொடுமைப்பட்ட ஒரு பெண், அவளுக்குள் ஒரு ஆகாத சக்தி, அதை வைத்து அவள் பழி வாங்குகிறாள். பேய்க்கதைத் தொடர் எழுத வருகிறவர்களில் பலர் இந்தக் கருவோடுதான் வருகிறார்கள். என்னிடம் படிக்கக் கொடுப்பார்கள், முதல் அத்தியாயம் நன்றாகத்தான் இருக்கும், மூன்றாவது அத்தியாயத்துக்குள் அவள் காணாமல் போயிருப்பாள். சக்தி மட்டும் நிற்கும். கண் சிவக்கும், காற்று அடிக்கும், கெட்டவன் சாவான். அவள் காலையில் என்ன சாப்பிட்டாள், யாரிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், யார் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. அந்தப் பெண்ணை எப்படிக் கையைப் பிடித்துக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போவது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் நீலி கதையை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள். ஊருக்கு ஊர் மாறும் கதை. திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூரில் சொல்வது ஒரு விதம், கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் இசக்கி என்ற அம்மனின் கதையாக வில்லுப்பாட்டில் கேட்பது இன்னொரு விதம். தெற்கே சொல்லும் கதையில், நம்பி வந்த பெண்ணை ஒருவன் நகைக்காகக் காட்டுவழியில் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடியைப் பார்த்து நீதான் சாட்சி என்று சொல்லிவிட்டு அவள் சாகிறாள். அடுத்த பிறவியில் நீலியாக வந்து அவனைத் துரத்தும்போது, ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்குப் போய், இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்று அழுகிறாள். பழையனூர் வேளாளர்கள் 70 பேர் அவளை நம்பி, அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் செத்துக் கிடக்கிறான். வாக்குத் தவறியதற்காக 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் அந்தக் கள்ளிக்கொம்பை மட்டும் கொஞ்ச நேரம் பாருங்கள். நீலிக்குப் புலி நகமோ நெருப்புக் கண்ணோ கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. கொலையைப் பார்த்த ஒரே சாட்சிக்கு வாய் கிடையாது. அவள் அதற்கு வாய் கொடுக்கிறாள், அது கொன்றவனைப் பார்த்து அப்பா என்கிறது. சில ஊர் இசக்கி சிலைகளில் ஒரு கையில் குழந்தை இருக்கும், இன்னொரு குழந்தை வாயில் கடிபட்டிருக்கும். அதே இசக்கியிடம்தான் பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். எங்கே வலித்ததோ அங்கேயிருந்துதான் சக்தி முளைக்கிறது, கொடுப்பதும் எடுப்பதும் அதே கை. நம் ஊர்க் கதைசொல்லிகளுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது.

அதனால் சக்தியை முதலில் யோசிக்காதீர்கள். என்ன நடந்தது என்பதை ஒரே ஒரு சம்பவமாக, இடம், நேரம், வாசனையோடு உங்களுக்காக மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே உதாரணத்துக்கு ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். பேச்சி, வயது 23, தென்காசியில் ஒரு தையல் கடையில் வேலை. ஒன்பது வயதில், வீட்டில் கல்யாணம் நடந்த அன்று, பெரியப்பா அவளை நெல் அறைக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார். அவள் கத்தினாள். வெளியே ரேடியோ செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, வீடு நிறைய ஆட்கள், ஒருவருக்கும் கேட்கவில்லை. அவ்வளவுதான் சம்பவம். உள்ளே என்ன நடந்தது என்று நான் வாசகருக்கு விவரிக்க மாட்டேன், நீங்களும் விவரிக்காதீர்கள். அதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்க முடியாமல் போகிற வாசகி நிச்சயம் ஒருத்தி இருப்பாள், அவளுக்குப் புதிதாக நீங்கள் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது சக்தி தானாக வரும். பேச்சிக்குப் பயம் வந்தால் அவளைச் சுற்றி இருக்கிற சத்தம் எல்லாம் அவளுக்குள் போய்விடும். தையல் மெஷின் ஓடும், சத்தம் இருக்காது. எதிரே நிற்கிறவன் வாய் அசையும், குரல் வராது. அன்றைக்கு அவள் குரலுக்கு நடந்தது இன்றைக்கு எல்லாருடைய குரலுக்கும் நடக்கிறது. இதற்கு ஒரு விலையும் வையுங்கள், அதையும் அவளுக்குப் பிடித்த ஒன்றிலிருந்தே எடுங்கள். ஒவ்வொரு தடவை சத்தத்தை விழுங்கும்போதும் ஞாபகத்தில் இருக்கிற ஒரு குரல் அழிகிறது. செத்துப்போன அம்மா 'பேச்சி, சாப்பிட வா' என்று கூப்பிட்ட குரல் பாதி அழிந்துவிட்டது. இனிமேல் அவள் சக்தியைப் பயன்படுத்தும்போது வாசகருக்கு வயிற்றைப் பிசையும்.

அப்புறம் குணம். இங்கே கொஞ்சம் படிக்கத்தான் வேண்டும். பேரதிர்ச்சிக்குப் பின் வருகிற இந்த மனநிலைக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனிப்பெயர் கிடைத்தது 1980-இல். நீண்ட நாள் கொடுமையில் வளர்ந்தவர்களுக்கு வருவதை உலக சுகாதார நிறுவனம் தனி வகையாகச் சேர்த்த பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் கூடுதலாகச் சொல்லும் மூன்று விஷயங்கள் எழுதுகிறவருக்குத் தங்கம்: உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, நான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்ற ஆழமான எண்ணம், மனிதர்களோடு நெருக்கமாக இருக்கத் தெரியாமை. உங்கள் கதாபாத்திரத்துக்கு மூன்றும் வேண்டும். வெறும் கோபம் மட்டும் இருந்தால் அவள் ஆள் இல்லை, ஆயுதம்.

ஞாபகம் கோர்வையாக வராது என்பதையும் மனதில் வையுங்கள். திரைப்படத்தில் வருகிற மாதிரி அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்க்க மாட்டாள். துண்டு துண்டாக வரும்: ஒரு வாசனை, தாழ்ப்பாள் விழும் சத்தம், உள்ளங்கையில் நெல் குத்திய உணர்வு. அதைத் தூண்டிவிடுவது பெரும்பாலும் பயங்கரமான பொருளாக இருக்காது, எல்லாருக்கும் சந்தோஷம் தருகிற ஒன்றாக இருக்கும். பேச்சிக்குக் கல்யாணப் பாட்டு ஆகாது. தெருவில் ரேடியோ செட் கட்டினால் அவள் கை சில்லிட்டுப்போகும், ஊசியில் நூல் கோக்க முடியாது, அதைக் கடை முதலாளி சோம்பேறித்தனம் என்று நினைப்பார். இப்படி எழுதினால் அவள் அழுதாள் என்று சொல்ல வேண்டிய தேவையே வராது. உடம்பின் பழக்கங்களைக் கவனியுங்கள். நான் அறிந்த ஒரு பெண் எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, எல்லாரும் ஒழுங்கான பெண் என்று மெச்சிக்கொண்டார்கள். ஓட வேண்டி வந்தால் மாட்டிக்கொண்டு ஓடச் சௌகரியமாக இருக்கும் என்று ஒருநாள் அவளாகச் சொன்னாள். அந்தப் பழக்கத்தை நான் பேச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

உறவுகள்தான் இந்தக் கதையின் உயிர், பாதிக் கதையாவது அங்கே இருக்க வேண்டும். எல்லாரும் தவறு செய்கிற இடம், அந்தக் கொடியவனைக் கண்டதும் சக்தி வெடிப்பதாக எழுதுவது. நம் குடும்பங்களில் அவன் எங்கேயோ ஒளிந்திருக்கிறவன் இல்லை. எல்லாக் கல்யாணத்துக்கும் வருவான், முன்வரிசையில் உட்காருவான், மொய் எழுதுவான். பேச்சியின் நிச்சயதார்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள், யாரோ ஒரு கிழவி, 'பெரியப்பா கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கோ' என்கிறாள். பேச்சி விழுவாள். 'வாங்க பெரியப்பா, காபி குடிக்கிறீங்களா' என்று கேட்டு, சர்க்கரை அளவாகப் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். பயம் சண்டை போட வைக்கும், ஓட வைக்கும், உறைய வைக்கும், இப்படி உபசரிக்கவும் வைக்கும். அன்று சாயந்திரம் கடைக்குப் போய், அவளுக்கு இருக்கிற ஒரே தோழி கத்தரிக்கோலை இடம் மாற்றி வைத்ததற்காக அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவாள், திட்டத் திட்டத் தோழியின் குரல் அடைத்துக்கொள்ளும். கோபம் எப்போதும் பாதுகாப்பான ஆள்மேல்தான் இறங்கும். தன்னை விட்டுப் போக மாட்டாள் என்று நம்புகிறவளிடம்தான் அதைக் காட்ட முடியும். அந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

வளர்த்த அத்தை இன்னும் கடினம். பெரியப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அவளுக்குத் தெரியும். பதினாலு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் வீட்டில் மீன் எடுத்தால் தலைத்துண்டு எப்போதும் பேச்சி தட்டில்தான் விழும். பேச்சிக்கும் அது எதற்கு என்று தெரியும், சாப்பிடுவாள். மற்ற எல்லாரிடமும் பலிக்கிற சக்தி அத்தையிடம் பலிக்காது, ஏனென்றால் அங்கே பறிக்கிறதற்குச் சத்தமே இல்லை. இந்த மாதிரி ஒருவரைக் கண்டிப்பாக வையுங்கள்: அன்பும் துரோகமும் ஒரே ஆளாக, மன்னிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல். அத்தையைக் கொன்றுவிட்டுக் கதையை முடித்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள், அவளைச் சமையலறையிலேயே நிற்க விடுங்கள்.

காதலன் வேண்டுமென்றால் வையுங்கள், வைத்தியராக வைக்காதீர்கள். மனசு விட்டுப் பேசு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறவன் அவளுக்கு உதவ மாட்டான். ஹோட்டலில் அவள் கதவைப் பார்த்த நாற்காலியைத் தேடுவதைக் கவனித்து, ஒன்றும் கேட்காமல் தான் மாறி உட்காருகிறவன் உதவுவான். அவனையும் அவள் சோதிப்பாள். சொன்ன நேரத்துக்கு வராமல் இருப்பாள், வேண்டுமென்றே காயப்படுத்துவாள். அவன் சில நாள் தாங்குவான், சில நாள் கத்திவிட்டுப் போவான். இரண்டும் வேண்டும்.

தமிழில் எழுதுவதால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சாமியாடும்போதும் பேய் பிடித்ததாகச் சொல்லும்போதும், மாமனார் முன்னால் உட்காரக்கூடத் துணியாத மருமகள் அவரை 'டேய்' என்று கூப்பிடுவாள், ஊரும் கேட்டுக்கொண்டு நிற்கும். வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்கு அது ஒன்றுதான் வழி. ஆகவே சக்தி வருவதைக் காட்டக் கண்ணையும் காற்றையும் நம்பாதீர்கள். 'நீங்க' எப்போது 'நீ' ஆகிறது என்று பாருங்கள். பேச்சி ஒருநாள் காபி டம்ளரை வைத்துவிட்டு, 'குடி' என்று சொன்னால் போதும்.

சில விஷயங்களைக் கட்டாயம் தவிர்க்கச் சொல்வேன். இருளைக் காட்டுகிறேன் என்று அவளைக் கறுப்பாகவும் தோழியைச் சிவப்பாகவும் வர்ணிக்காதீர்கள், நம்மிடையே அந்த நோய் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அவளைப் பைத்தியம் என்று கதைசொல்லி சொல்லக் கூடாது, கதையில் இருக்கிறவர்கள் சொல்லலாம். பொய்யாக அழுவதற்கு இன்றைக்கும் நாம் நீலிக்கண்ணீர் என்றுதான் சொல்கிறோம். கொலையுண்ட ஒரு பெண்ணின் அழுகைக்கு ஊர் வைத்த பெயர் அது, 7-ஆம் நூற்றாண்டுத் தேவாரத்திலேயே அவள் வஞ்சம் செய்தவளாகத்தான் வருகிறாள். புருஷன் என்று அவள் சொன்னது பொய், அழுகை பொய் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

முடிவுக்கு வரும்போது அவளைக் குணப்படுத்திவிடத் துடிக்காதீர்கள், கல்யாணம் செய்துவைத்தும் முடிக்காதீர்கள். சின்னதாக ஒன்று மாறினால் போதும். என் கதையில் பேச்சி கடைசி அத்தியாயத்தில் தோழி வீட்டுக்குப் போகிறாள். பேசிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள், ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று கவிழ்ந்தும் கிடக்கிறது, அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை என்றுகூட எழுத வேண்டாம்.