புதிய ராக் ஆல்பத்தின் விமர்சனங்களை வாசிப்பது எப்படி?

ஒரு ராக் இசைக்குழுவின் புதிய ஆல்பம் வெளிவந்த சில நாட்களிலேயே நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் அதற்குக் கிடைத்துவிடுகிறது. அந்த எண்ணைக் கடைசியில் பார்ப்பதே நல்லது. மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் தருவது பல விமர்சனங்களின் சராசரி; அதிலும் எல்லா இதழ்களுக்கும் ஒரே எடை கிடையாது. எழுபது என்ற சராசரி, எல்லோருக்கும் ஓரளவு பிடித்துப்போன ஆல்பத்துக்கும் வரும், பாதிப் பேர் கொண்டாடி மீதிப் பேர் வெறுத்த ஆல்பத்துக்கும் வரும்.

ஆகவே மிக அதிக மதிப்பெண் தந்த விமர்சனத்தையும் மிகக் குறைவாகத் தந்ததையும் முதலில் முழுமையாக வாசியுங்கள். 2000ஆம் ஆண்டு ரேடியோஹெட் குழுவின் 'கிட் ஏ' வெளிவந்தபோது பிட்ச்ஃபோர்க் என்ற இணைய இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது; பிரிட்டனின் மெலடி மேக்கர் இதழ் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம்தான் கொடுத்தது. கிதாரைப் பின்னுக்குத் தள்ளி மின்னணு ஒலிகளை முன்னே கொண்டுவந்த ஆல்பம் அது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கு, தமக்கு அந்த மாற்றம் பிடிக்குமா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் எதைப் பற்றிப் பேசுகிறது என்று கவனியுங்கள். "குழு முதிர்ச்சி அடைந்திருக்கிறது" என்பதைக் கேட்டுச் சரிபார்க்க வழியில்லை. "மூன்றாம் பாட்டின் இரண்டாம் சரணத்தில் டிரம்ஸ் நின்று பேஸ் கிதார் மட்டும் தொடர்கிறது" என்பதை உடனே கேட்டுப் பார்க்கலாம். இரண்டாம் வகை வாக்கியம் ஒன்றுகூட இல்லாத விமர்சனம், விளம்பரக் குறிப்பைத் திருப்பி எழுதியதாகவே பெரும்பாலும் இருக்கும். பாடகரின் சொந்த வாழ்க்கையிலேயே பாதிக் கட்டுரை ஓடினால் அந்தப் பகுதியைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

ஒலித்தரம் பற்றி விமர்சகர்கள் மௌனமாக இருந்தால் ரசிகர்கள் சொல்வதையும் பாருங்கள். மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெடிக்' (2008) பொதுவாக நல்ல விமர்சனங்களையே பெற்றது. ஆனால் ஒலியளவை அளவுக்கு மீறி ஏற்றியதால் இசை கரகரக்கிறது என்பதை ரசிகர்கள், 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்களோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

முதல் வாரத் தீர்ப்பு எந்தப் பக்கமும் சாயக்கூடும். வீசர் குழுவின் 'பிங்கர்டன்' 1996இல் வந்தபோது, ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அதை அவ்வாண்டின் மிக மோசமான ஆல்பங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தனர். 2004இல் அதே இதழ் அதற்கு ஐந்து நட்சத்திரம் தந்தது. ஓயேசிஸ் குழுவின் 'பி ஹியர் நவ்' (1997) கதை நேரெதிர்: முந்தைய ஆல்பத்தைக் குறைத்து எடைபோட்ட பிரிட்டிஷ் இதழ்கள் இம்முறை வாரிப் புகழ்ந்தன, பாராட்டு வெகுவிரைவில் வடிந்துபோயிற்று. அவசரக் கெடுவில், சில முறை மட்டுமே கேட்டு எழுதப்படும் கட்டுரைகளுக்கு இது நேர்வது இயல்பே. ஆறு மாதம் கழித்து எழுதப்பட்டவற்றையும் தேடிப் பிடியுங்கள். ஆண்டு இறுதிப் பட்டியல்கள் அதற்கு உதவும்.

இன்னொன்று: நம்பகமான ஒரு விமர்சகரைத் தொடர்ந்து வாசிப்பது, இருபது பேரை மேய்வதைவிடப் பயன் தரும். அவர் ரசனை உங்களுடையதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதுகூட இல்லை. நீண்ட கிதார் தனியாவர்த்தனங்களை எப்போதும் வெறுக்கும் ஒருவர் ஓர் ஆல்பத்தைத் திட்டித் தீர்த்தால், அவற்றை விரும்பும் உங்களுக்கு அதுவே பரிந்துரை.