பழைய லப்டொப்புக்கு இலகுவான ஓ.எஸ். தேடும்போது விடும் பிழைகள்

வெளிநாட்டிலிருந்து மாமா வரும்போது பெட்டிக்குள் ஒரு பழைய லப்டொப்பும் வரும். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளின் முதல் கணினி அதுதான். பற்றரி முக்கால்வாசி செத்திருக்கும். கரண்ட் போனால் கூடவே அதுவும் நின்றுவிடும். கரண்ட் வந்து திரும்பப் போட்டால் எழும்ப மூன்று நான்கு நிமிடம். ஜூம் வகுப்பில் அதற்குள் ஒரு கணக்கே முடிந்துவிடும். "கெதியா எழும்புற ஓ.எஸ். ஒண்டு சொல்லுங்கோ அண்ணை" என்று கேட்டு வருகிறவர்களின் அவசரம் எனக்கு நன்றாக விளங்கும். ஆனால் லப்டொப்பைத் திறந்து பார்க்காமல் நேரே ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) தேடப் போவதுதான் முதல் பிழை.

போன மாதம் மேசைக்கு வந்த ஒன்றைச் சொல்கிறேன். 4 ஜி.பி. ராம் (ஓடும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), நிமிடத்துக்கு 5400 தரம் சுழலும் பழைய ஹாட் டிஸ்க். போட்டதும் காதை வைத்துக் கேட்டால் உள்ளே கிர் கிர் என்று ஊசி ஓடும் சத்தம். விண்டோஸில் டாஸ்க் மானேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, ப்ராசஸர் சும்மா இருக்கிறது. எழும்பும்போது ஓ.எஸ். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அந்த ஊசி இடம் மாற வேண்டும். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே கிடையாது. அந்த லப்டொப்பில் முதலில் இலவச ஓ.எஸ்.ஸான லினக்ஸ் மின்ட்டைப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம்தான் முன்னேற்றம். பிறகு எஸ்.எஸ்.டி. மாற்றி அதே மின்ட்டைப் போட்டதும் அரை நிமிடத்துக்குள் எழும்பியது. கையில் இருக்கிற காசை முதலில் இதற்குச் செலவழியுங்கள். பழைய டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். லினக்ஸில் டிஸ்க்ஸ் என்ற செயலியே அதன் உடல்நிலையைச் சொல்லும்.

டாஸ்க் மானேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும்: கடைசி பயோஸ் நேரம். ஓ.எஸ். தொடங்குவதற்கு முன் லப்டொப் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள எடுத்த நேரம் அது. அதுவே பதினைந்து விநாடி என்றால், எந்த ஓ.எஸ். போட்டாலும் அந்தப் பதினைந்து விநாடி போகாது.

சரி, டிஸ்க் மாற்றியாயிற்று. அடுத்த பிழை, இருப்பதிலேயே சின்னதைத் தேடுவது. பப்பி லினக்ஸ் ராமுக்குள்ளேயே ஏறி ஓடும், பறக்கும். ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸும் மிகக் குறைந்த ராமில் ஓடும். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் பிள்ளை செய்யப்போவது என்ன? பிரவுசரைத் திறந்து யூடியூப், ஜூம், கூகுள் கிளாஸ்ரூம். பிரவுசர் எந்த ஓ.எஸ்.ஸிலும் தன் பங்கு ராமைக் கேட்கும். பாரமான நாலைந்து பக்கங்கள் திறந்தாலே ஒன்றிரண்டு ஜி.பி. போய்விடும். ஓ.எஸ்.ஸில் மிச்சம் பிடித்த 200 எம்.பி. அங்கே உதவாது. அதோடு பப்பியைப் பென் ட்ரைவிலிருந்து ஓட்டும்போது, செய்த வேலை நிறுத்தும் நேரத்தில்தான் சேமிக்கப்படும் விதமாக அமைந்திருக்கலாம். இடையில் கரண்ட் போனால் அன்றைய குறிப்புகள் போச்சு. பற்றரி இல்லாத லப்டொப்புக்கு இது பெரிய ஆபத்து. 4 ஜி.பி. ராம் இருந்தால் மின்ட்டின் பாரம் குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்போ லுபுண்டு என்ற லினக்ஸோ போதும். 2 ஜி.பி. மட்டும் என்றால் அப்போது ஆன்டிஎக்ஸ் பக்கம் போகலாம்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறொன்றில். "லைட்" விண்டோஸ் என்று யாரோ ஒருவர் வெட்டிக் கொத்திய பதிப்பைப் பென் ட்ரைவில் கொண்டுவந்து போடுகிறார்கள். கெதியாக எழும்பும்தான். பாதுகாப்பு மென்பொருளைக் கழற்றி, அப்டேட்டையும் நிறுத்தியிருப்பார்கள், வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது. அதே லப்டொப்பில்தான் அம்மா வங்கிக் கணக்கைத் திறக்கிறார். தயவுசெய்து வேண்டாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கேட்பதால் பழைய லப்டொப்களில் முறைப்படி ஏறாது. பழையவற்றுக்கு லினக்ஸைச் சொல்வது இதனால்தான்.

கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் வேகமானது, ஆனால் இருக்கும் விண்டோஸை முழுதாக அழித்துவிட்டுத்தான் ஏறும். ஆண்ட்ராய்டு செயலிகளும் ஓடாது. இணையம் இல்லாத நேரத்தில் அதிகம் செய்ய முடியாது. டேட்டா அளந்து போடும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

தமிழை மறப்பது அடுத்த பிழை. இங்கே ஆசிரியர்களின் வினாத்தாள்கள், கோயில் அறிவித்தல்கள், சங்கக் கணக்குகள் இன்னும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கின்றன. லினக்ஸ் போட்ட அடுத்த நாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதறிக்கொண்டு வந்தார். இருபது வருட வினாத்தாள்களும் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. ஒன்றும் அழியவில்லை. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. எழுத்துருக் கோப்பை பழைய விண்டோஸிலிருந்து எடுத்து லினக்ஸில் நிறுவியதும் லிப்ரே ஆபிஸில் எல்லாம் தமிழாக வந்தன. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விண்டோஸை அழிக்கும் முன் எழுத்துருக்களைப் பிரதி எடுத்து வையுங்கள். புதிதாக எழுத, ஐபஸ் (லினக்ஸில் தட்டச்சு மொழியை மாற்றும் செயலி) வழியாக ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கலாம். பாமினியில் பழகிய விரலுக்கு அதுதான் நெருக்கம்.

பென் ட்ரைவிலிருந்து லைவ்வாக (டிஸ்க்கில் நிறுவாமலே) ஓட்டிப் பார்க்காமல் நிறுவ வேண்டாம். ஒரு மணித்தியாலம் வைத்துப் பாருங்கள்: வைஃபை பிடிக்கிறதா, ஜூமில் சத்தமும் கமராவும் வருகிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து சரியாக எழும்புகிறதா. சில பழைய ப்ராட்கொம் வைஃபை சில்லுகளுக்கு ட்ரைவர் தனியாக இறக்க வேண்டும். இணையமே இல்லாமல் எப்படி இறக்குவது என்று திகைக்க வேண்டாம், ஃபோனை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து அதன் டேட்டாவைப் பகிரலாம். பற்றரி கொஞ்சமாவது தாங்கினால், நிறுத்திப் போடுவதை விட மூடி வைத்துத் திறப்பதே எல்லாவற்றிலும் கெதி.

விண்டோஸையும் பக்கத்தில் வைத்திருக்கப் போகிறீர்களா? அப்படியானால் அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். அது விண்டோஸை முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் விடுவதால், லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எதையும் எழுத முடியாமல் போகும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள்.

சுவிஸ், ஜேர்மனியிலிருந்து வந்த லப்டொப் என்றால் விசைப்பலகையையும் பாருங்கள். அவற்றில் ஆங்கில வை (Y), இசட் (Z) இரண்டும் இடம் மாறியிருக்கும். நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவுசெய்துவிட்டு, விசையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து அந்த எழுத்துகள் உள்ள கடவுச்சொல்லைத் தட்டினால் ஒன்றுக்கு மற்றது பதியும். பிறகு அமைப்பைச் சரியாக்கியதும் அதே கடவுச்சொல் ஏற்காது. பிள்ளை அழுதுகொண்டு நிற்கும். வை, இசட் இரண்டையும் இடம் மாற்றித் தட்டிப் பாருங்கள், திறக்கும்.