ரிலீஸ் ட்ரிகர்: விரலை விட்டால் வெடிக்கும் ஷாட்கன்னில் செய்யக்கூடாத தவறுகள்

விசையை இழுத்தால் துப்பாக்கி வெடிக்கும். இது குழந்தைக்கும் தெரியும். ரிலீஸ் ட்ரிகர் என்ற விசை பொருத்திய ஷாட்கன்னில் (சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) மட்டும் கதை தலைகீழ். விசையை இழுத்தால் ஒன்றும் ஆகாது, துப்பாக்கி தயாராகி நிற்கும். பிடித்த விரலைத் தளர்த்தும்போதுதான் குண்டு பாயும்.

இப்படி ஒரு வினோதம் எதற்கு? பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் விளையாட்டில், அதிலும் அமெரிக்காவில், இதற்குத் தேவை இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள், ஒரு போட்டிக்கு 100 அல்லது 200. ஆண்டுக்கணக்கில் 12 கேஜ் (குழலின் அளவு) துப்பாக்கியின் உதை தோளில் விழுந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் உடம்பு முரண்டு பிடிக்கும். தட்டு கண்ணெதிரே பறக்கிறது, விரல் அசைய மறுக்கிறது. அல்லது மொத்த உடம்பும் வெடுக்கென்று முன்னால் தள்ளுகிறது. இதை ஃபிளின்ச் என்பார்கள். இழுக்க மறுக்கும் விரல், விடுவதற்கு அவ்வளவாக மறுப்பதில்லை. அதனால் முதலில் விசையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தட்டை விடச் சொல்லிக் குரல் கொடுத்து, அது பறக்கும்போது விரலை விடுகிறார்கள்.

உள்ளே நடப்பதும் எளிதுதான். சாதாரணத் துப்பாக்கியில், வில்லின் அழுத்தத்தில் துடிக்கும் சுத்தியலை சியர் என்ற கொக்கி பிடித்து வைத்திருக்கும். விசையை இழுத்தால் சியர் விலகும், சுத்தியல் பாய்ந்து, தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியை அடிக்கும். ரிலீஸ் ட்ரிகரில், சியர் விலகியதுமே இரண்டாவது கொக்கி ஒன்று சுத்தியலைப் பிடித்துக்கொள்ளும். விசை முன்னால் திரும்பும்போதுதான் இந்தக் கொக்கி விடும். ஆக, அந்த நேரத்தில் வெடிப்பைத் தடுத்து நிற்பது உங்கள் விரலின் அழுத்தம் ஒன்றே. இனி சொல்லப்போகும் தவறுகள் எல்லாமே இதை மறப்பதால் வருபவை.

முதல் தவறு, மனம் மாறியதும் விரலை எடுப்பது. விசையை இழுத்துத் தயாராகிவிட்டீர்கள். தட்டு உடைந்து வருகிறது, அல்லது யாரோ ‘நிறுத்து’ என்று கத்துகிறார்கள். மற்ற எந்தத் துப்பாக்கியிலும் விரலை எடுப்பதுதான் முதல் பாதுகாப்பு, அப்படித்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம். இங்கே அதுவே வெடிப்பு. சரியான முறை: குழலைத் தட்டு பறக்கும் திசையிலேயே வைத்து, விசையை விடாமல் அழுத்திக்கொண்டே துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறக்க வேண்டும். முழுதாகத் திறந்த பிறகே விரலைத் தளர்த்தலாம். திறந்த நிலையில் ஊசிக்கு எதிரே தோட்டா இருக்காது. விரல் விசையில் இருக்க, அதே கையின் கட்டைவிரலால், துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்பைத் தள்ளுவது கொஞ்சம் சிரமம். தோட்டா இல்லாமல் பல முறை பழகாதவர், தோட்டாவோடு களத்தில் அதை முதன்முதலாக முயலக்கூடாது. முன்பிடியைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப், தானே ஏற்றிக்கொள்ளும் ஆட்டோ வகைகளில் திறக்கும் விதம் மாறும். ட்ரிகரைப் பொருத்திக் கொடுத்த மெக்கானிக்கிடமே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் சேஃப்டி பட்டனை நம்புவது அடுத்த தவறு. பெரும்பாலும் சேஃப்டி தடுப்பது விசையை இழுப்பதை. இங்கே விசை ஏற்கெனவே இழுபட்டுவிட்டது.

சீக்கிரமாகவே விசையை இழுத்து வைப்பதும் கூடாது. தோளில் வைத்து, கன்னம் பதித்து, குழல் களத்தை நோக்கிய பிறகுதான் இழுக்க வேண்டும். தும்மல், தேனீ, வியர்வையில் வழுக்கும் விரல், இவற்றில் எதுவும் பிடியைத் தளர்த்தலாம். தளர்ந்தால் துப்பாக்கி வெடிக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது என்று நான் நினைப்பது, விஷயத்தைச் சொல்லாமல் இன்னொருவர் கையில் கொடுப்பது. வாங்கியவர் இழுக்கிறார், வெடிக்கவில்லை. ‘ஏதோ கோளாறு’ என்று நினைத்து துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கிறார், விரல் தளர்கிறது. அந்த நொடியில் குழல் எங்கே பார்க்கிறதோ, யாருக்குத் தெரியும்? இதனால்தான் அமெரிக்காவில் ஸ்கீட், ஸ்போர்ட்டிங் கிளேஸ் என்ற மற்ற களிமண் தட்டுப் போட்டிகளை நடத்தும் சங்கங்கள், இவ்வகைத் துப்பாக்கியில் மற்றவர் கண்ணில் படும்படி எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்கின்றன. ஒலிம்பிக் டிராப், ஸ்கீட் போட்டிகள் பின்பற்றும் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பு) விதிகளில் ரிலீஸ் ட்ரிகருக்கே அனுமதி இல்லை. ஸ்டிக்கர் துப்பாக்கியின் அழகைக் கெடுக்கிறது என்று உரித்துப் போடுபவரை என்ன சொல்வது!

இதன் மறுபக்கமும் உண்டு. ரிலீஸுக்குப் பழகியவர் சாதாரணத் துப்பாக்கியை எடுத்தால், தயார் செய்யும் நினைப்பில் விசையை இழுப்பார். தட்டு வரும் முன்பே குண்டு போய்விடும். இரண்டு வகையையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுடாமல் இருப்பது நல்லது.

இரட்டைக் குழலில் குழப்பம் இன்னும் கூடும். முதல் குழல் ரிலீஸாகவும் இரண்டாவது சாதாரணமாகவும் இருக்கலாம், இரண்டுமே ரிலீஸாகவும் இருக்கலாம். இரண்டும் ரிலீஸ் என்றால், முதல் குண்டு போனதும் பதற்றத்தில் விரல் மறுபடி அழுத்தும், இரண்டாவது குழல் தயாராகி நிற்கும். சுடுபவர் அதை உணராமலே திரும்பிவிடுவார். ஒவ்வொரு தட்டாகப் பறக்கும் சுற்றில் ஒரே ஒரு தோட்டா போடுங்கள், பாதிக் கவலை தீரும்.

அப்புறம், வீட்டில் அரத்தை வைத்துக்கொண்டு தேய்த்துப் பார்ப்பது. கொக்கிகள் ஒன்றையொன்று பிடிக்கும் விளிம்பு மிகச் சிறியது. அது தேய்ந்தாலோ அழுக்கும் கெட்டியான எண்ணெயும் சேர்ந்தாலோ, இரண்டாவது கொக்கி சுத்தியலைப் பிடிக்கத் தவறும், இழுத்தவுடனேயே வெடிக்கும். ஒருமுறை அப்படி ஆனாலும் அன்றைய சுடுதலை நிறுத்திவிட்டு, இதே வேலையில் கைதேர்ந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். ‘அடுத்த முறை சரியாகப் பிடிக்கும்’ என்று தொடர்பவர்கள் இருக்கிறார்கள்.

வேட்டைக்கு இதை எடுத்துப் போவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரடுமுரடான தரை, கூட நடக்கும் ஆட்கள், குறி வைத்துவிட்டுச் சுடாமல் விடும் தருணங்கள். இந்த ட்ரிகருக்குப் பொருந்தாத இடம் அது. விற்கும்போதும் பழைய விசையைத் திரும்பப் பொருத்திவிட்டே விற்க வேண்டும். முடியாவிட்டால், வாங்குபவரை நேரில் நிறுத்தி, தோட்டா இல்லாத துப்பாக்கியில் இழுப்பதையும் விடுவதையும் விடாமல் திறப்பதையும் அவர் கையாலேயே செய்ய வைத்துவிட்டுக் கொடுங்கள்.