கண்ணாடியை எங்கே வைத்தேன்? அறுபதுக்கு மேல் நினைவைப் பழக்கும் விதம்

எனக்கு வயது 64. அதில் 31 வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன். மூளை மருத்துவம் படித்தவன் இல்லை. எனக்கு மறதி வந்துவிட்டதென்று இரண்டு நாள் பயந்துபோய், அப்புறம் விசாரித்தும் படித்தும் பழகியும் பார்த்ததில் தேறியதை எழுதுகிறேன்.

அந்தப் பயம் வந்த கதை சின்னது. "அந்தச் சட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்றாள் மனைவி, உள்ளறையிலிருந்து. நான் போய் நூலக அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். "இப்போ சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சா?" என்று கேட்டாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. காதைப் பரிசோதித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வயதாக ஆக, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும். பேச்சில் 'ஸ', 'ஷ', 'ஃப', சட்டையில் வரும் 'ச' எல்லாம் அந்தப் பகுதியில் இருக்கின்றன. 'ச' உதிர்ந்த சட்டை எனக்கு அட்டையாக வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே வராத சொல்லை மறப்பது எப்படி?

அதனால் முதல் வேலை, நினைவைத் திட்டுவதற்கு முன் காதையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்வது. பாதி கேட்டு மீதியை ஊகிப்பதிலேயே மூளையின் உழைப்பு செலவாகிவிட்டால், கேட்டதைப் பதித்துவைக்க மிச்சம் இருக்காது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய்க்கான, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. கேள்திறன் குறைவு அதில் முன்பே இருந்தது. சரிசெய்யாமல் விட்ட பார்வைக் குறைவு அந்த ஆண்டுதான் சேர்ந்தது. காதுக் கருவி போட்டுக்கொள்ள எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. கருவி இல்லாதவர்கள், பேச ஆரம்பிக்குமுன் டிவியை நிறுத்துங்கள், எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். இது மட்டுமே பாதி சண்டையைக் குறைக்கும்.

கண்ணுக்கு வெளிச்சம். அறுபது வயதில் கண்மணி சுருங்கி, உள்ளே இருக்கும் வில்லையும் (லென்ஸ்) மஞ்சளாகிப்போவதால், இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகிறது. மாத்திரைச் சீட்டு படிக்கும் இடத்தில் தனியாக ஒரு மேசை விளக்கு வையுங்கள். பல்ப் கண்ணில் அடிக்காமல், தாளின் மேல் விழட்டும்.

கண் நன்றாக இருந்தாலும் முழுக்க நம்ப வேண்டாம். ஒரு தாளில் இடப்பக்கம் பெருக்கல் குறி, அதற்கு வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் குறியை மட்டும் பாருங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி மாயமாகிவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே இல்லை. ஆனால் அங்கே ஓட்டை தெரிகிறதா? தெரியாது. சுற்றியுள்ள வெள்ளையை வைத்து மூளையே ஒட்டுப்போட்டுவிடுகிறது.

மெய்ப்பில் இதனால் எத்தனை முறை அவமானப்பட்டிருக்கிறேன்! ஒருமுறை 'இலவசக் கண் மருத்துவ முகம்' என்று கொட்டை எழுத்துத் தலைப்பு அச்சாகிவிட்டது. நான்கு பேர் படித்தோம். நான்கு பேரும் 'முகாம்' என்றே படித்தோம். அதற்கப்புறம் தலைப்புகளைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கும் வழக்கத்துக்கு வந்தேன். எதிர்பார்ப்பு அறுந்தால்தான் எழுத்து தெரியும். வங்கிப் படிவம், மருந்தின் அளவு எதையும் இன்றைக்கும் ஒருமுறை பின்னாலிருந்து, விரல் வைத்து, வாய்விட்டுப் படிக்கிறேன்.

அடுத்தது கவனம். கண்ணாடியை வேறு யோசனையோடு வைத்தால், வைத்தது பதியாது. வைக்கும்போதே "கண்ணாடி, ஜன்னல் திண்டு" என்று சத்தமாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. மனதில் ஒரே நேரத்தில் பிடித்துவைக்கக்கூடியவை நான்கு உருப்படிகள் அளவுதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். இது இளைஞர்களின் கணக்கு. ஆறு இலக்க ஓடிபியை 4-8-2-9-1-7 என்று தூக்கிக்கொண்டு ஓடாமல் 482, 917 என்று இரண்டு மூட்டையாகக் கட்டுங்கள்.

அதைவிட நல்லது, நினைவையே நம்பாமல் பழக்கத்தை நம்புவது. வலிப்புக்காக 1953-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஹென்றி மோலைசன். மூளையின் இருபுறமும், புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவருக்கு நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கை தேர்ந்தது. முந்தின நாள் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை! கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு கணக்கு. அந்தக் கணக்கு வயதானாலும் அவ்வளவாகக் கரைவதில்லை. சாவிக்கு ஒரே ஆணி. மாத்திரைக்கு 'மறக்கக்கூடாது' என்ற சங்கல்பம் உதவாது, 'பல் தேய்த்ததும் மாத்திரை' என்ற முடிச்சு உதவும். போட்டோமா இல்லையா என்ற குழப்பத்துக்குக் கிழமை எழுதிய ஏழு அறை டப்பா போதும். நேற்றும் முந்தாநாளும் போட்டது ஒன்றோடொன்று கலந்துபோவதால் வரும் குழப்பம் அது.

பெயர்கள்தான் எல்லாருக்கும் தலைவலி. முகம் தெரியும், வேலை தெரியும், பெயர் மட்டும் நாக்கு நுனியில் நிற்கும். மற்ற விவரங்களைப்போல் பெயர் எதையும் பிடித்துத் தொங்குவதில்லை. நம் பெயர்களில் பலவற்றுக்குப் பொருள் இருப்பது ஒரு வசதி. கதிரவன் என்று ஒருவர் அறிமுகமானால், அவருடைய வழுக்கையில் வெயில் பளபளப்பதாக ஒரு படம் போட்டுக்கொள்வேன். (அவரிடம் சொல்ல மாட்டேன்.) பேச்சில் ஒருமுறை "சரி கதிரவன்" என்று கூப்பிடுவேன். விடைபெற்றதும் ஒரு நிமிடம் கழித்துப் பெயரை நானே தேடி எடுப்பேன், அப்புறம் பத்து நிமிடம், அன்று இரவு, மறுநாள், ஒரு வாரம்.

இந்த இடைவெளிகளுக்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, 1885-இல் கணக்கை வெளியிட்டார். மறதி முதல் ஒரு மணி நேரத்தில் செங்குத்தாகச் சரிந்து, பிறகு தளர்கிறது. ஆகவே முதல் தேடல் சீக்கிரம் வேண்டும், பின்னவை தள்ளிப்போகலாம். திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு, பார்க்காமல் தேடி எடுப்பது வேறு. ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களிடம் சோதித்தபோது, ஐந்து நிமிடத்தில் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். வராவிட்டால் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அரை நிமிடமாவது தேடிய பிறகு பாருங்கள்.

மூளைக்கான செல்போன் விளையாட்டுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. விளையாட விளையாட அந்த விளையாட்டில்தான் கை தேறுகிறது. நடை பரவாயில்லை. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 55 முதல் 80 வயது வரையானவர்கள் வாரம் மூன்று நாள், 40 நிமிடம் வரை, ஒரு வருடம் நடந்தார்கள். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. தூக்கத்தையும் குறைக்காதீர்கள், பகலில் பதிந்தது நிலைப்படுவது அப்போதுதான்.

வேகம் குறையும், அதை ஒப்புக்கொள்ளுங்கள். சொல்வளம் அறுபதுகளிலும் குறையாது. குறுக்கெழுத்தில் பேரன் என்னிடம் தோற்கிறான், கடிகாரம் வைத்தால் நான் தோற்கிறேன்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரணம். சாவி எதற்கு என்பதே குழம்புவது, பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி கேட்பது, இவை இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். திடீரென ஓரிரு நாளில் குழப்பம் வந்தால் அன்றே போக வேண்டும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், சில பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள்கூட மறதியைக் கொண்டுவரும். சரிசெய்யக்கூடிய காரணங்கள் இவை. போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உடன் இருப்பவரையும் கூட்டிப்போங்கள். சட்டையைக் கேட்டு அட்டை வாங்கியவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.