பழைய பட சிடிக்களைப் போட்டுப் பார்த்துக் கழிப்பதில் செய்யும் தவறுகள்

வீட்டுக்கு வெள்ளையடித்த சாக்கில் பரணிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டி இறங்கியது. எண்ணினால் 212 படம். முக்கால்வாசி 2007-க்குப் பிறகு சேர்ந்தவை. மோசர் பேயர் என்ற கம்பெனி தமிழ்ப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கிவிட்ட காலம் அது. காய்கறி வாங்கப் போனால் பையில் ஒரு படமும் சேர்ந்து வரும். "ஒவ்வொண்ணா போட்டுப் பாரு. பார்க்கிற மாதிரி இருந்தா வச்சுக்கோ, இல்லேன்னா பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடு" என்றார் அம்மா. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஐந்து மாதம் ஆயிற்று.

முதல் சொதப்பல், பிடித்த படங்களிலிருந்து ஆரம்பித்தது. எப்படியும் வைத்துக்கொள்ளப் போகிற படத்துக்கு எதற்கு மூன்று மணி நேரம்? சந்தேகக் கேஸ்களை முதலில் எடுங்கள். கவர் பளபளவென்று இருந்தும் கதை ஞாபகம் வரவே இல்லையென்றால், அதுதான் முதலில் பார்க்க வேண்டிய படம்.

டிவி செய்கிற கோளாறைப் படத்தின் தலையில் கட்டுவது இதைவிடப் பெரிய தவறு. நான் குறைந்தது பத்துப் படங்களையாவது அப்படித் தள்ளிவைத்தேன். விசிடியில் ஒரு ஃப்ரேம் என்பது 352-க்கு 288 புள்ளி, அதாவது ஒரு லட்சத்துச் சொச்சம். ஃபுல் எச்டி டிவியிலோ இருபது லட்சத்துக்கு மேல். ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நீட்டினால் இருட்டுக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "ஒளிப்பதிவு சுமார்" என்று சொல்வது அநியாயம். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், அல்லது சின்ன லேப்டாப்பில் போட்டுப் பாருங்கள்.

அகலத்தையும் கவனிக்க வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய படங்களின் ஃப்ரேம் கிட்டத்தட்ட சதுரம். அது உங்கள் அகல டிவியை முழுசாக அடைத்துக்கொண்டு ஓடுகிறதென்றால், ஒன்று பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள், கதாநாயகிக்குக் கன்னம் உப்பியிருக்கும்; அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், பரதநாட்டியத்தில் பாதமே தெரியாது. இழுத்தது டிவிதான் என்றால் ரிமோட்டில் 4:3 வைத்தால் சரியாகிவிடும். வெட்டினது டிஸ்க்கிலேயே என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. அந்தப் பிரதியைத் தாராளமாகக் கழிக்கலாம், படத்தை அல்ல.

இன்னொன்று, புது டிவிகளில் "மோஷன்" என்று பெயர் வைத்த ஏதோ ஒரு வசதி செட்டிங்ஸில் ஒளிந்திருக்கும். நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்துக்கு நடுநடுவே இல்லாத ஃப்ரேம்களை அதுவாகச் செருகும். நல்ல படமும் சாயங்கால சீரியல் மாதிரி வழவழவென்று ஓடும். அணைத்துவிடுங்கள்.

டிஸ்க் ஓடுகிறதா என்று முதல் ஐந்து நிமிடம் மட்டும் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. விசிடியில் பதிவு நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும். கைபட்டு, தரையில் உரசிக் கெடுவதோ பெரும்பாலும் விளிம்பு. அதனால்தான் டைட்டில் ஜோராக ஓடி, கிளைமாக்ஸில் வில்லன் துப்பாக்கியை நீட்டியபடி உறைந்துபோகிறான். கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். துடைப்பதானால் மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் பதிவு ஓடும் தடத்தின் நீளத்துக்கே கீறல் விழுந்துவிடும். பற்பசை வைத்தியம் வேண்டவே வேண்டாம். சிடியில் படம் அச்சடித்த மேல்பக்கம்தான் இன்னும் மோசம்: பிரதிபலிக்கும் படலம் அந்த மெல்லிய பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே ஆழமாகக் கீறினால் முடிந்தது.

"எல்லாம்தான் ஓடிடியில் இருக்கே" என்று அள்ளிப் போட்டுவிடாதீர்கள். உரிமம் முடிந்தால் படம் சத்தமில்லாமல் போய்விடும். பொங்கலுக்குப் பார்த்த படத்தை ஆடியில் தேடினால் இருக்காது.

அடிப்பக்கம் ஊதா மினுக்கம் தெரிகிற டிவிடியைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கடையில் அச்சடித்தது இல்லை, யாரோ ரைட் பண்ணியது. உள்ளேயிருக்கும் சாயம் வெயிலுக்கும் வெக்கைக்கும் மங்கும். 'மசாலா 3 இன் 1' என்று மார்க்கரில் எழுதிய ஒரு கறுப்புப் பெட்டியைத் திறக்காமலே கழிக்கும் பக்கம் வைத்திருந்தேன். அம்மா திறந்து போட்டார். அக்காவின் வளைகாப்பு. வளையல்காரர் பெட்டி, புளியோதரை அண்டா, நடுவில் அரை டிரவுசரில் நான். வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. அன்றே ஹார்டு டிஸ்கில் ஏற்றினேன். எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

தனியாக முடிவெடுப்பதும் கூடாது. இருபது நிமிடம் பார்த்துவிட்டு நான் ஒதுக்கிய ஒரு படத்தை அம்மா திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். படம் தண்டம்தான், அவரே ஒப்புக்கொண்டார். இடைவேளைக்கப்புறம் வரும் ஒரு பந்தி காமெடிக்காக வேண்டுமாம்.

கடைசியில் 87 தங்கியது. பழைய பேப்பர்காரர் கழித்ததைப் புரட்டிப் பார்த்து, "கவரை மட்டும் குடுங்கண்ணே, சிடி வேணாம்" என்றார். அதில் எட்டை நூலில் கட்டி மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறோம். வடகத்துப் பக்கம் இப்போது காக்காய் வருவதில்லை.